ஆடியுள்ள கேமராவும் ஆடியில்லாக் கேமராவும்

லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமராக்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உள்ளன. டிஎஸ்எல்ஆர் என்று வழங்கும் ஆடியுள்ள கேமராவில், லென்ஸ் வழியே வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஓர் ஆடி மேலே திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புகிறது. மிரர்லெஸ் என்று வழங்கும் ஆடியில்லாக் கேமராவில் ஒளி நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் கண்டதைச் சிறு திரையொன்றில் பார்த்துப் படமெடுக்க வேண்டும். சேலம் மாவட்டத்தின் கிழக்கே கெங்கவல்லி, தம்மம்பட்டி, ஆத்தூர் வட்டாரத்தில் பொழுதுபோக்காகப் படமெடுப்போரும், தமிழ்நாட்டின் பிற சிற்றூர்களில் இருப்போரைப் போலவே, முதல் கேமரா வாங்கும்போது இவ்விரண்டில் எது என்ற கேள்வியைச் சந்திக்கின்றனர்.

பெயர்

கேமராவால் படமெடுக்கும் கலை தமிழில் புகைப்படக்கலை, நிழற்படக்கலை, ஒளிப்படக்கலை என மூன்று பெயர்களால் அழைக்கப்படுகிறது. படத்தை ஆக்குவது ஒளியே ஆதலால் ஒளிப்படக்கலை என்பதே சரியான சொல். 'மிரர்லெஸ்' என்பதைக் கண்ணாடியில்லாக் கேமரா என்று சிலர் எழுதுகின்றனர். கண்ணாடி என்னும் சொல் முகம் பார்ப்பதையும் சன்னலில் பதிப்பதையும் மூக்கில் மாட்டுவதையும் ஒருசேரக் குறிக்கும், லென்ஸும் கண்ணாடிதான். எனவே அப்பெயர் லென்ஸே இல்லாத கேமரா என்று மயங்க இடம் தருகிறது. பள்ளிப் பாடநூல்களில் குழியாடி, குவியாடி என்று பயிலும் 'ஆடி' இங்கே ஐயமின்றிப் பொருந்தும். பேச்சு வழக்கில் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் என்ற பெயர்களே நிலைத்துவிட்டன. லென்ஸ் நீங்கிய கேமராவைப் 'பாடி' என்றும், கூடவே விற்கப்படும் சிறு லென்ஸைக் 'கிட் லென்ஸ்' என்றும் சொல்வர்.

தோற்றம்

படம் பதியும் கலைக்கு முன்பே படம் காட்டும் பெட்டி இருந்தது. இருட்டுப் பெட்டியின் முன்பக்கம் லென்ஸ், உள்ளே சாய்வாக ஓர் ஆடி, மேலே தேய்த்த கண்ணாடி. வெளிக்காட்சி அக்கண்ணாடியில் நிமிர்ந்து விழும். கையோடு எடுத்துச் செல்லத்தக்க இத்தகைய பெட்டியை ஜெர்மானியத் துறவி யோஹான் ட்ஸான் 1685இல் வெளியிட்ட நூலில் படத்துடன் விளக்கியுள்ளார். ஆடி, ஒளிப்படக்கலையைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

1839இல் ஒளிப்படக்கலை உலகறிய வந்தபோது ஆடி ஒதுங்கிக்கொண்டது. தொடக்க காலக் கேமராக்களில் லென்ஸ் முன்னே, தேய்த்த கண்ணாடி நேர் பின்னே இருந்தன. காட்சி தலைகீழாகத் தெரிந்தது. சேலம் மாவட்டம் அக்காலத்தில் பதிவானதும் அத்தகைய கேமராவில்தான். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் (1822–1902), 1857 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீண்ட பயணத்தில் இம்மாவட்டத்தைக் கடந்து சென்றார். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் அடங்கிய அவரது தொகுதி 1858இல் வெளிவந்தது. ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை ஆகியவற்றுக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது.

டிரைப் மெழுகூட்டிய தாளில் நெகட்டிவ் எடுத்தார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழ்க் காட்சியைப் பார்த்துக் கூர்மையைச் சரிசெய்து, பின் தாள் வைத்த சட்டத்தைச் செருக வேண்டும். செருகிய கணத்திலிருந்து காட்சி மறைந்துவிடும். அதற்குமேல் எடுப்பவர் காண்பது எதுவுமில்லை. கோட்டையும் மலையும் கோயிலும் அசையாமல் நின்றதால் இது குறையாகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீள்படம் 19 அடிக்கும் மேற்பட்டது. அவ்வளவு பொறுமை இன்று எந்தக் கேமராவுக்கும் தேவைப்படுவதில்லை.

பதியும் கணம் வரை காட்சியைக் கண்ணிலிருந்து நழுவவிடாமல் வைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு விடையாகவே ஆடி திரும்பி வந்தது. இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் 1861இல் ஒற்றை லென்ஸ் ஆடிக் கேமராவுக்கு (எஸ்எல்ஆர்) காப்புரிமை பெற்றார். படச்சுருள் பரவிய பின் டிரெஸ்டன் நகரின் இகாகே நிறுவனம் 1936இல் வெளியிட்ட கினே எக்ஸாக்டா 35 மி.மீ. எஸ்எல்ஆர்களில் முதலாவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதில் இடுப்பருகே பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். 1949இன் கான்டாக்ஸ் எஸ் மேலே ஒரு பட்டகத்தைப் பொருத்தி இம்மாற்றத்தை நேராக்கியது. எஸ்எல்ஆரின் தலையில் இன்றும் காணும் கூரை போன்ற மேடு அந்தப் பட்டகத்தின் இருப்பிடம். படமெடுத்ததும் மேலேறிய ஆடி உடனே தானாகக் கீழிறங்கும் வசதியை ஜப்பானின் அசாகிஃபிளெக்ஸ் 2பி 1954இல் பரப்பியது. 1959இல் வந்த நிக்கான் எஃப் இவையனைத்தையும் உறுதியான ஓர் உடலில் சேர்த்தது. லென்ஸை மாட்டும் அதன் வாயின் (மவுண்ட்) அளவு 2017இல் வெளிவந்த டி850இலும் மாறவில்லை. 1985இன் மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தை உடலுக்குள்ளேயே கொண்டுவந்தது. 1987இல் கேனான் தன் பழைய வாயைக் கைவிட்டு இஎஃப் வாய்க்கு மாறியது.

இந்தியாவில் நெடுங்காலம் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் எஸ்எல்ஆர் எளிதில் கிடைக்கவில்லை. இருந்ததைக் கொண்டு செய்தவர்களில் தலையாயவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், திருநெல்வேலியில் பிறந்தவர், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். பல கேமராக்களின் பகுதிகளை ஒட்டிச் சேர்த்து அவர் ஒரு கேமராவை ஆக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் இட்டிருந்தார். எந்தக் கேமரா வாங்குவது என்று மாதக்கணக்கில் தயங்கும் புதியவர் எவரும் அவரது யானைப் படங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. படச்சுருளுக்கு உதகமண்டலத்தில் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் தொடங்கிய அது 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் சுருளும் தாளும் தந்தது. இந்து என்றால் நிலவு. பின்னாளில் அந்த ஆலை நின்றுபோனது தமிழ்நாட்டு ஒளிப்படக்கலைக்குப் பேரிழப்பு.

டிஜிட்டல் காலம்

கோடாக் 1991இல் நிக்கான் எஃப்3 உடலில் சென்சார் பொருத்தி விற்ற டிசிஎஸ், முதல் வணிக டிஎஸ்எல்ஆர். 13 லட்சம் புள்ளிகள் கொண்டது. 1999இல் நிக்கான் டி1 வந்தது. 2003இன் கேனான் 300டி, ஆயிரம் டாலருக்குக் கீழே விலையிறங்கி டிஎஸ்எல்ஆரைப் பொழுதுபோக்காளர் கைக்குக் கொண்டுவந்தது.

2008இல் சில வார இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். வீடியோ எடுக்கையில் அதன் ஆடி மேலேறி நிற்கும். செப்டம்பரில் பானாசோனிக் அறிவித்த ஜி1 அந்த ஆடியையே நீக்கிவிட்டது. 2013இல் சோனி முழுச்சட்ட (36×24 மி.மீ.) சென்சாருடன் ஏ7 என்ற ஆடியில்லாக் கேமராவை வெளியிட்டது. 2018இல் நிக்கான் இசட் 6, இசட் 7 ஆகியவற்றையும், கேனான் ஈஓஎஸ் ஆர் கேமராவையும் கொண்டுவந்தன.

அமைப்பும் வகைப்பாடும்

ஆடி அசைய இடம் வேண்டும் என்பதால் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வாய்க்கும் சென்சாருக்கும் இடையே தூரம் அதிகம்: நிக்கான் எஃப் வாயில் 46.5 மி.மீ., கேனான் இஎஃப் வாயில் 44 மி.மீ. ஆடி போனதும் இத்தூரம் சுருங்கியது: நிக்கான் இசட் 16, சோனி இ 18, கேனான் ஆர்எஃப் 20 மி.மீ. மிஞ்சிய இடைவெளியை ஒரு வளையத்தால் நிரப்பிப் பழைய லென்ஸ்களைப் புதிய உடலில் மாட்டலாம். புதிய லென்ஸைப் பழைய உடலில் மாட்ட முடியாது.

சென்சார் அளவால் முழுச்சட்டம் (36×24 மி.மீ.), ஏபிஎஸ்-சி (நிக்கான், சோனியில் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.), ஃபோர் தேர்ட்ஸ் (17.3×13 மி.மீ.) என்ற பிரிவுகள் உண்டு. படத்தின் தரத்தை முடிவுசெய்வது இந்த அளவும் லென்ஸுமே. ஆடி இருப்பதோ இல்லாததோ அல்ல.

டிஎஸ்எல்ஆரில் பெரிய ஆடிக்குப் பின்னால் சிறு ஆடியொன்று உண்டு. அது ஒளியின் ஒரு பங்கை அடியிலுள்ள தனிக் குவிய உணரிக்கு அனுப்பும். அந்த உணரியும் சென்சாரும் இம்மியளவு விலகினால் குவியம் முன்னோ பின்னோ தவறும். மிரர்லெஸ்ஸில் சென்சாரே குவியம் பார்ப்பதால் இத்தவறு நேராது. கண்ணைக் கண்டறிந்து பற்றும் திறனும் அதனால் வந்ததே.

இவ்வட்டாரப் பயன்பாடு

சுவேத நதிக்கரையிலுள்ள கெங்கவல்லியைச் சுற்றி எடுப்பதற்குப் பொருள் நிறைய. தெற்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை, கூலமேடு, தம்மம்பட்டி ஜல்லிக்கட்டு, தம்மம்பட்டி மரச்சிற்பம், வீரகனூர் சந்தை, குச்சிக்கிழங்கு வயல், அம்மன் கோயில் திருவிழா. கேமராவின் பொருத்தத்தை இவற்றை வைத்தே அளக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் டிஎஸ்எல்ஆரின் துளைக்குள் காட்சி வெயிலளவு பிரகாசமாகவே தெரியும், ஏனெனில் அது ஒளியேதான். மிரர்லெஸ்ஸின் திரையில் தெரிவது அவ்வொளியின் நகல். வெயிலில் கூசிய கண்ணுக்கு அது மங்கல். அந்த நகலுக்கும் ஒரு நன்மை உண்டு: படம் கருக்குமா வெளுக்குமா என்பதை எடுக்கும் முன்பே காட்டிவிடும். டிஎஸ்எல்ஆரில் எடுத்துப் பார்த்தே அதைக் கற்க வேண்டும். அவ்வாறு கற்றவரே ஒளியை அளக்கத் தெரிந்தவர்.

கொல்லிமலைக்கு விடியலில் ஏறி இருட்டில் இறங்குவோருக்குப் பாட்டரி முக்கியம். ஒரே அளவுமுறைப்படி நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1,550 படங்கள் எடுக்கும். இசட் 50 ஏறத்தாழ 300 எடுக்கும். மேல்நிலையில் டி850 கேமராவுக்கு 1,840, இசட் 7 கேமராவுக்கு 330. மிரர்லெஸ் எடை குறைவு என்பதும் எப்போதும் உண்மையல்ல. டி850 1,005 கிராம், இசட் 7 675 கிராம் என்பது சரியே. ஆனால் பாட்டரி, அட்டையுடன் டி3500 415 கிராம், இசட் 50 450 கிராம்.

ஜல்லிக்கட்டில் வேகம் வேண்டும். மலிவான டிஎஸ்எல்ஆர்களில் ஒன்றான கேனான் 1500டி வினாடிக்கு 3 படம். 2014இல் வந்த மிரர்லெஸ்ஸான சோனி ஏ6000 வினாடிக்கு 11. இங்கே மிரர்லெஸ் முந்துகிறது. ஆனால் ஓசையில்லா எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பெரும்பாலான கேமராக்களில் இதற்குப் பயன்படுத்தலாகாது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் பாயும் காளை சாய்ந்து வளைந்து பதியும். திருவிழா விளக்குகளிலும் அப்படியே: நம் மின்சாரம் 50 சுழற்சி என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன, எலெக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/100 அல்லது 1/50 வினாடி வைத்தால் தீரும். பறவை எடுப்போருக்கோ ஓசையின்மை பெரும் வரம். ஆடி படீரென்று அடிக்கும் ஓசைக்குக் கொக்கு எழுந்துவிடும்.

வயற்காட்டு மண்பாதையில் லென்ஸ் மாற்றும்போது பெரும்பாலான மிரர்லெஸ்களில் சென்சார் திறந்து கிடக்கும். டிஎஸ்எல்ஆரில் ஆடியும் ஷட்டரும் அதை மறைத்திருக்கும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றுவது இருவகைக்கும் நல்லது.

விலை தனிப் பொருள். டிஎஸ்எல்ஆரிலிருந்து மாறிச் செல்லும் கல்யாண ஒளிப்படக்காரர்களின் உடல்களும் லென்ஸ்களும் சேலத்திலும் ஆத்தூரிலும் கைமாற்றாக வருகின்றன. ஒரு புதிய மிரர்லெஸ் உடலுக்காகும் பணத்தில் டிஎஸ்எல்ஆரும் இரண்டு லென்ஸும் அமைந்துவிடும் என்பதால் முதல் கேமராவுக்கு இதுவே தக்கது. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேட்க வேண்டும். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே நூல்போலப் பூஞ்சை படர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் இட்டுக் காற்றுப்புகா டப்பாவில் வைக்காத லென்ஸ்களில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் எல்லா ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆர்களிலும் தானே குவியும். நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் உள்மோட்டார் இல்லாத டி3500, டி5600 ஆகியவற்றில் குவியமாட்டா. எஃப்டிஇசட் என்னும் இணைப்பு வளையத்தின் வழி இசட் உடலில் மாட்டினாலும் கையால்தான் திருப்ப வேண்டும்.

இன்றைய நிலை

2020இல் உலக அளவில் மிரர்லெஸ் அனுப்பீடு டிஎஸ்எல்ஆரைக் கடந்தது. அதே ஆண்டின் கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பின் அவ்விரு நிறுவனங்களும் உயர்நிலை டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. பென்டாக்ஸ் 2023இல் கறுப்பு வெள்ளை மட்டுமே பதிவுசெய்யும் கே-3 மார்க் 3 மோனோகுரோம் என்ற டிஎஸ்எல்ஆரை வெளியிட்டது.