பொம்மை ரயில் போட்டோவை நிஜ ரயில் போல மாற்றுவது எப்படி? கிண்டி மீட்டர் கேஜை வைத்து ஒரு விளக்கம்

'கிண்டி ஸ்டேஷன், 1965' என்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். புகை கக்கியபடி ஒரு நீராவி எஞ்சின், பிளாட்பாரத்தில் நாலைந்து பேர், தூரத்தில் பரங்கிமலை. பார்த்த உடனே ஃபார்வர்டு பண்ணத் தோன்றும். ஆனால் அது ஒரு வீட்டு டேபிள் மேல் ஓடும், உள்ளங்கை அகல எஞ்சினாகவும் இருக்கலாம். இன்றைக்கு இருக்கும் எடிட்டிங் ஆப்களை வைத்து அப்படி ஒரு படத்தை ஒரு மாலைப்பொழுதில் தயார் பண்ணிவிட முடியும்.

எப்படிச் செய்கிறார்கள், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

ஏன் கிண்டி?

கிண்டி வழியாகப் போகும் கடற்கரை - தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்தப் பாதையின் மீட்டர் கேஜ் மின்சார ரயில் சேவை 2004 ஜூலை 1-ம் தேதியோடு முடிந்தது. இப்போது அங்கே இருப்பதெல்லாம் அகலப்பாதைதான். பழைய ரயிலை மறுபடி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருக்கும் வழி, பழைய படம் அல்லது மாடல். ரயில் மாடல் செய்கிறவர்கள் போட்டோவில் இவ்வளவு மெனக்கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடல் ஏன் பொம்மையாகவே தெரிகிறது?

முதல் குற்றவாளி எடிட்டிங் இல்லை, கேமரா வைத்த இடம். அதிகம் புழங்கும் மாடல் அளவான ஹெச்ஓ, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதாவது சராசரி உயர ஆள் ஒருவர் அந்த உலகத்தில் சுமார் 1.9 செ.மீ.தான். நாம் போனை ஒரு அடி உயரத்தில் பிடித்து எடுத்தால், எட்டு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து எடுத்த மாதிரி ஆகிவிடும். போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் கீழே வந்துவிடும். மாடல் பிளாட்பாரத்தோடு ஒட்டி வைத்தால் பாதிப் பொம்மைத்தனம் அங்கேயே போய்விடும்.

இரண்டாவது, மங்கல். மிக அருகில் இருக்கும் பொருளைப் படம் எடுத்தால் ஒரு மெல்லிய பட்டைதான் தெளிவாக விழும். எஞ்சின் முகம் பளிச், மூன்றாவது பெட்டி கலங்கல். இந்தக் கலங்கலைப் பார்த்துத்தான் நம் மூளை 'இது சின்னப் பொருள்' என்று முடிவு கட்டுகிறது. (நிஜ ஊரின் படத்தில் மேலும் கீழும் மங்கலாக்கி ஊரையே பொம்மை செட் ஆக்குவார்களே, அதே தந்திரம்தான்.) ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் வைத்து, ஃபோகஸை முன்னிருந்து பின்னாக நகர்த்தி எட்டு பத்துப் படம் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் அவற்றை லேயர்களாகப் போட்டு 'ஆட்டோ அலைன்', பிறகு 'ஆட்டோ பிளெண்ட்' கொடுத்தால் ஒவ்வொரு படத்திலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்துச் சேர்த்துவிடும்.

மூன்றாவது, வெளிச்சம். டேபிள் லேம்ப் பக்கத்தில் இருப்பதால் நிழல்கள் விசிறி போல விரியும். சூரிய நிழல் அப்படி விரியாது. எந்த ஆப்பாலும் இதைச் சரியாகத் திருத்த முடியாது. மாடலை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி.

புகையை எப்படிச் சேர்ப்பது?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நெட்டில் கிடைக்கும் புகையை வெட்டி ஒட்டினால் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, கறுப்புத் துணி முன்னால் ஊதுபத்தி கொளுத்திப் பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். அந்தப் படத்தை ரயில் படத்தின் மேல் வைத்து லேயர் மோடை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் கறுப்பு முழுக்க மறைந்து புகை மட்டும் நிற்கும். போனில் செய்பவர்கள் ஸ்னாப்சீடின் 'டபுள் எக்ஸ்போஷர்' பகுதியில் 'லைட்டன்' தேர்வு செய்யலாம். காசு கொடுக்காமல் கம்ப்யூட்டரில் செய்ய கிம்ப் இருக்கிறது, அதிலும் இதே மோடு உண்டு.

இப்படி வருவது வெண்புகை. கரிப்புகை வேண்டுமென்றால் புகைப் படத்தின் நிறத்தைத் தலைகீழாக்கி, மோடை 'மல்டிப்ளை' ஆக்க வேண்டும். ஊதுபத்திப் புகை நூல் நூலாக வரும், எஞ்சின் புகையோ பொதிபொதியாக வரும். அதனால் இரண்டு மூன்று புகைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பெரிதாக்கி, கொஞ்சம் மங்கலாக்குங்கள். இன்னொன்று: குளிர்நாட்டுப் படங்களில் பார்க்கிற பஞ்சுப் பொதி மாதிரியான வெள்ளை ஆவி, சென்னை வெயிலில் அவ்வளவு நேரம் நிற்காது. குறைவாகப் போட்டால்தான் நம்ம ஊர்.

ஹெட்லைட்டுக்கு, புது லேயரில் மென்மையான பிரஷால் இளமஞ்சள் புள்ளி ஒன்று, அதே 'ஸ்கிரீன்' மோடில். பழைய பல்பின் நிறம் மஞ்சள், எல்இடி வெள்ளை அல்ல. பட்டப்பகலில் இது வேண்டவே வேண்டாம்.

தூரம் காட்டுவதற்கு, பின்னணிமேல் வெளிர் சாம்பல் நிறத்தை 10 முதல் 20 சதவீதம் வரை பரப்புங்கள். கடலோர ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், தூரத்து மலையும் மரமும் கறுப்பாகத் தெரியாது. வானத்தை நீங்களே எடுத்துச் சேர்க்கலாம், ஆனால் சூரியன் இருக்கும் திசை மாடலின் நிழலோடு ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். அப்போது நீள நிழல் விழுந்தால் அது மதியம் அல்ல.

துரு, எண்ணெய்க் கறை, கரி படிந்த இடம் எல்லாம் எங்கே வரும் என்று தெரியாவிட்டால், பெரம்பூர் ஐசிஎஃப் அருகே உள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிஜ எஞ்சின்கள் நிற்கின்றன. ஒரு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

எங்கே மாட்டிக்கொள்வார்கள்?

மேலே சொன்ன '1965' படத்துக்குத் திரும்புவோம். முதலில் தலைக்கு மேல் பாருங்கள். கம்பி இருக்கிறதா? அந்தப் பாதை 1931-லேயே மின்மயமானது. நீராவி எஞ்சினே வந்தாலும் மேலே மின்கம்பி இருக்க வேண்டும். கம்பியே இல்லாத 'கிண்டி 1965' என்றால் சந்தேகப்படலாம். மாடல் செய்கிறவர்களுக்கு இது தலைவலிதான். நிஜக் கம்பியின் குறுக்களவு சுமார் 12 மி.மீ., 87-ஆல் வகுத்தால் 0.14 மி.மீ., கிட்டத்தட்ட தலைமுடி. அதனால் பலரும் கம்பியைப் படத்தில் வரைந்து சேர்க்கிறார்கள்.

அடுத்தது தண்டவாளம். மீட்டர் கேஜ், ஹெச்ஓ அளவில் 11.5 மி.மீ. வரும். ஸ்விஸ் ரயில் மாடல்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. பாதை இதற்குப் பொருந்தும். ஆனால் கடையில் சுலபமாகக் கிடைப்பது 16.5 மி.மீ. பாதை. அதில் மீட்டர் கேஜ் ரயிலை ஓடவிட்டால் அகலக் காலோடு நிற்கும். நம்ம அகலப்பாதைக்கோ அது போதாது. 1,676 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல். பெட்டிகளை இணைக்கும் கொக்கி, சக்கர விளிம்பு, இரண்டும் மாடலில் அளவுக்கு மீறித் தடியாக இருக்கும். ஜூம் பண்ணினால் தெரிந்துவிடும். பின்னணியில் உயர்மட்ட மெட்ரோ பாதை எட்டிப்பார்த்தால் சொல்லவே வேண்டாம். கிண்டிக்கு மெட்ரோ ரயில் வந்தது 2016-ல்.

இவ்வளவையும் ஒருவர் சரியாகச் செய்துவிட்டால்?

அப்போதுதான் நிஜப் பிரச்சினை. நன்றாகச் செய்த ஒரு படம் பத்துப் பேர் கை மாறினால் பழைய ஆவணம் ஆகிவிடும். பிறகு யாராவது கிண்டி ரயில் வரலாறு எழுதும்போது, இல்லாத ஒரு கூரையும் இல்லாத ஒரு சிக்னலும் அதில் ஏறிவிடும். தடம் புரண்ட காட்சியைச் செய்து பார்ப்பது அதைவிட ஆபத்து. மழை நாளில் அது பரவினால் ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பீதி கிளப்பும் நோக்கத்தில் பொய்த் தகவல் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 353-வது பிரிவின்படி குற்றமும்கூட.

எனவே 'மாடல் படம், எடிட் செய்தது' என்ற வரியைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். கூடவே டைப் செய்யும் குறிப்பு, ஃபார்வர்டு ஆகும்போது கழன்றுவிடலாம். எழுத்தைப் படத்தின் மூலையில் வைத்தால் க்ராப் பண்ணிவிடுவார்கள், ஆகவே எஞ்சினுக்குக் கீழே, சக்கரங்களை ஒட்டிச் சின்னதாக வையுங்கள். எடிட் செய்யாத மூலப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது கேட்டால், டேபிள் மேல் ரயில் நிற்கிற அந்தப் படத்தை அனுப்பினால் போதும்.