பாற்சோறும் கஞ்சியும்

2020 றமழானில் ஓர் இரவு. மணி ஒன்றரை இருக்கும். ஸஹருக்கு எழும்புமட்டும் தூக்கம் வராமல் வெள்ளவத்தை வீட்டில் ரீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். லண்டனில் அப்போது மே 8 ஆம் திகதி இரவு ஒன்பது மணி. ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 75 ஆண்டு. எலிசபெத் மகாராணி பேசிக்கொண்டிருந்தார். தெருக்களில் சனம் இல்லை. அவரவர் வாசலில் கொடி கட்டிக்கொண்டு நின்றார்கள். மொஸ்கோவிலும் மே 9 அணிவகுப்பை ஜூன் 24 க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, வென்ற நாடுகளின் விழாக்களைக்கூட வீட்டுக்குள் அடைத்துவிட்டது.

எங்கள் ஊரடங்குக்கும் ஏழு வாரமாகியிருந்தது. பள்ளிவாசல் மூடியிருந்தது, தராவீஹ் வீட்டில்தான். இன்னும் பத்து நாளில் நம் நாட்டின் வெற்றி நாளும் வரப்போகிறது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூடவே, 2009 இல் நான் கையில் கொண்டுபோன ஒரு பார்சலும் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பதினொரு வருடமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வெற்றி விழாவும் பெருநோயும் கொழும்பில் சந்தித்துக்கொண்டது 2020 இல்தான் முதல் தடவை அல்ல. 1918 நவம்பர் 11 ஆம் திகதி முதலாம் உலக யுத்தம் நின்றபோது, துறைமுகம் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் வந்த இன்ஃபுளுவென்சா இலங்கை முழுவதும் பரவியிருந்தது. அதில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடு. யுத்தத்தில் மாண்டோருக்கு லட்யென்ஸ் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வரைந்த தூண் 1923 இல் காலிமுகத்திடலில் எழுந்தது. காய்ச்சலில் செத்தவர்களுக்கு அப்படி ஒரு தூண் எழவில்லை. 1915 கலவரத்தில் கடையும் பள்ளிவாசலும் எரிக்கப்பட்ட நம்மவர்களுக்கும் எழவில்லை. அதுவும் அதே யுத்த காலத்தில், அதே ஆட்சியில் நடந்ததுதான். இரண்டாம் யுத்தத்தின்போது ஜப்பானிய விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் அந்தத் தூணைக் கழற்றி விக்டோரியா பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய விகாரமகாதேவி பூங்காவில் அது இன்னும் நிற்கிறது.

ஒவ்வொரு நவம்பர் 11 இலும் இங்கே பொப்பிப் பூ விற்பார்கள். சேருகிற காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போகும். அதே யுத்தத்தில் போராடிய இலங்கைச் சிப்பாய்கள் இங்கே கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். அதை எதிர்த்து 1931 இல் பிறந்ததுதான் சூரியமல் இயக்கம். சூரியமல் என்றால் வேறொன்றுமில்லை, நம் வேலியோரத்துப் பூவரசம்பூ. 1933 இல் டொரீன் யங் போன்றோர் சேர்ந்தபின் அது ஏகாதிபத்தியத்துக்கும் யுத்தத்துக்கும் எதிரான இயக்கமாக வளர்ந்தது.

அடுத்த வருடம் மலேரியா வந்தது. 1934–35 இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன கொள்ளைநோய் அது. பூ விற்ற அந்த இளைஞர்கள் பூக்கூடையை வைத்துவிட்டு மருந்தையும் பருப்பையும் தூக்கிக்கொண்டு கேகாலைக் கிராமங்களுக்குப் போனார்கள். வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க நோயாளிகளைப் பார்த்தார். வீடு வீடாகப் பருப்புக் கொடுத்த கலாநிதி என்.எம். பெரேராவுக்குச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே பேர் வைத்தார்கள். லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் உருவானபோது அதில் இருந்தவர்கள் பலர் இவர்கள்தான்.

இதை வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். வெற்றியை யார் பெயரில் நினைக்கிறோம், யாரை விட்டுவிட்டு நினைக்கிறோம் என்று கேட்டவர்கள்தான் நோய் வந்தபோது முதலில் ஓடிப்போனார்கள். பிள்ளைகளுக்கு அதை அழகாக விளக்கத் தெரிந்த எனக்கு, 2009 இல் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கத் தெரியவில்லை.

2009 இல் நான் கலியாணம் முடித்த புதுசு. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி வாடகை வீடு. கீழே வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண்மணி, கணவரை இழந்தவர். நாங்கள் ‘அன்ரி’ என்போம். உம்மாவும் நானாவும் கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய வீட்டில்.

மே 19 ஆம் திகதி காலை உம்மாவைப் பார்க்கப் போனேன். கொட்டாஞ்சேனைச் சந்தியெல்லாம் சிங்கக் கொடி, பட்டாசுப் புகை. ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ அன்று பாராளுமன்றத்தில் தமிழிலும் சில வசனங்கள் பேசினார். இனி இந்த நாட்டில் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை என்றார். உம்மா ரீவியைப் பார்த்து அழுதா. அது நடிப்பல்ல. 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது, புறக்கோட்டைக்கு வேலைக்குப் போயிருந்த வாப்பா இரவுவரை வீடு வரவில்லை. அந்த நாளை அவ மறக்கவில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டதையும், அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டதையும் நம்மில் யார் மறந்தோம்? “இனிப் புள்ளைகள் நிம்மதியா பஸ்ல போகும்” என்றா உம்மா. அந்த நிம்மதியில் பிழை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன். வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது ஒரு பார்சலும் கொண்டுபோனேன். வீட்டில் நல்லது எது சமைத்தாலும் கீழேயும் கொடுப்பது எங்கள் பழக்கம். பழக்கத்தில் கதவைத் தட்டிவிட்டேன்.

அன்ரியின் தம்பி குடும்பம் வன்னியில் இருந்தது எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து தகவல் இல்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே, “எப்பிடியோ சண்டை முடிஞ்சிது தானே, அன்ரி” என்றேன்.

“ஓம் தம்பி” என்று பார்சலை வாங்கிக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்தினார். மறுநாள் காலை பின்மதிலில் காகங்கள் அந்தப் பாற்சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

அந்த மதிலுக்குள் இருந்த பயத்தை நான் அறியாதவனல்ல. இரண்டு வருடத்துக்கு முன், 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். 1990 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம், இவர்களுக்கு அதைவிடக் குறைவு என்று அன்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். பேசியதோடு சரி.

1983 ஜூலையில் எரிந்த அதே வெள்ளவத்தை, 2009 மேயில் கொடி கட்டிக்கொண்டு மௌனமாக இருந்தது. வன்னியிலிருந்து தப்பியவர்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மெனிக் பாம் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். இறுதி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் எழுதியது. அன்ரியின் தம்பி வீட்டில் நால்வர். முகாமுக்கு வந்து சேர்ந்தது இரண்டு பேர். அதையும் அவராகச் சொல்லவில்லை. பல மாதம் கழித்து என் மனைவியிடம் சொன்னார்.

அடுத்த வருடங்களில் நடந்ததை வாசகர் அறிவீர்கள். 2014 இல் அளுத்கம, 2018 இல் திகன. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் உட்படப் பல இடங்களில் நம் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள் செய்த பாவம். அதன்பின் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எங்கள் பைகளைக் கிளறியபோதுதான், முப்பது வருடமாக அன்ரி தன் அடையாள அட்டையை ஏன் கைப்பையின் முன்பக்கத்திலேயே வைத்திருந்தார் என்று விளங்கியது.

பிறகு கொவிட். அதையும் ஒரு யுத்தம் என்றே நம் அரசு பேசியது. தடுப்பு நடவடிக்கைக்கான தேசிய மையத்துக்கு இராணுவத் தளபதியே தலைவர். தனிமைப்படுத்தல் நிலையங்களும் இராணுவத்தின் கையில். 2020 மே 19 ஆம் திகதி பாராளுமன்றத்துக்கு அருகிலுள்ள படைவீரர் நினைவுத் தூபியில் முகக்கவசத்தோடு பதினோராவது வெற்றி நிகழ்வு நடந்தது. அதற்கு முதல்நாள் வடக்கில் நினைவேந்தப் போனவர்களைத் தனிமைப்படுத்தல் சட்டத்தைக் காட்டித் தடுத்தார்கள். ஒரே கிருமிதான், நினைவுக்கு மட்டும் இரண்டு சட்டம்.

அந்த மே 18, றமழான் 24 ஆவது நோன்பு. மஃரிபுக்குச் சற்று முன் கதவு தட்டப்பட்டது. அன்ரி. கையில் மூடிய பாத்திரம்.

“நோன்புக் கஞ்சி இல்லை, தம்பி. வெறும் அரிசியும் உப்பும். இண்டைக்குக் காய்ச்சிறது. இதில நோன்பு திறக்கலாம்தானே?”

முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் சனங்கள் உயிர் பிடித்திருந்தது இந்தக் கஞ்சியில்தான். எனக்குப் பேச்சு வரவில்லை. “அன்ரி, அண்டைக்கு அந்தப் பாற்சோறு...” என்று தொடங்கினேன்.

“நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். பாங்கு சொல்லப்போகுது, போங்கோ” என்றார்.

பேரீச்சம்பழத்துக்குப் பிறகு அந்தக் கஞ்சியை எல்லோரும் குடித்தோம். இளைய மகன் மட்டும் இதில் இறைச்சி இல்லையா என்று கேட்டான். ஆறு நாளில் பெருநாள், நாடு முழுவதும் ஊரடங்கு, வீட்டுக்குள் தொழுதோம்.

ஏப்ரல் 11 ஆம் திகதியே வர்த்தமானி வந்திருந்தது: கொவிட்டில் இறந்தவர்கள் எரிக்கப்படவேண்டும். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஒக்டோபரில் கொழும்பு வடக்கில் நோய் பெருகியது, கொட்டாஞ்சேனை முடக்கப்பட்டது. டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையைப் பொரளையில் எரித்தார்கள். கனத்தை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எல்லா இனத்தவரும் கட்டினார்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பெரியவர் ஒருவரும் அந்த டிசம்பரில் மௌத்தானார். கபன் இல்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை. சாம்பலை எடுக்கமாட்டோம் என்று மகன்மார் சொல்லிவிட்டார்கள். உம்மா தொலைபேசியில் கேட்டா: “கபுறு இல்லாட்டி எங்க போய் ஸலாம் சொல்ற, மவன்?” பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னிடம், “எப்படியோ நோய் பரவாமல் இருந்தால் சரிதானே, சேர்” என்றார். கெட்ட மனிதர் அல்ல. என்னுடைய பழைய வசனம்தான் என்னிடம் திரும்பி வந்தது. நானும் “ஓம்” என்றுதான் சொன்னேன்.

அன்று மாலை வீடு வந்தபோது கீழ் வீட்டுக் கேற்றில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

2021 பெப்ரவரி 25 ஆம் திகதி வர்த்தமானி மாறியது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அங்கே முஸ்லிம்களோடு ஏனைய மதத்தவர்களும் அடங்கியிருக்கிறார்கள். கட்டாய எரிப்புக்கு 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. தம்பியின் பிள்ளைகள் எங்கே புதைந்தார்கள் என்று அன்ரிக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மையவாடி இல்லாத மையித்துகளின் வலியை நம் சமூகம் ஒரு வருடம் அனுபவித்தது. அவர்கள் பதினொரு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள்.

நம் சஞ்சிகைகளில் 1990 ஐ எழுதுகிறோம், எழுதவேண்டும். தமிழ்ச் சமூகம் அன்று பேசாமல் இருந்ததையும் கேட்கவேண்டும். 2020 ஐயும் எழுதுகிறோம். ஆனால் 2009 மே வந்தால் நம் பேனா பாற்சோற்றோடு நின்றுவிடுகிறது. நாம் நிம்மதி அடைந்தது உண்மை. அதே ஒழுங்கையில் ஒரு வீடு கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது வரலாறு.

கொட்டாஞ்சேனையில் உம்மா இப்போது மே 18 இல் ஒரு சட்டி கஞ்சி அதிகமாகக் காய்ச்சி நானாவிடம் வெள்ளவத்தைக்குக் கொடுத்தனுப்புகிறா. இறைச்சி போடாமல், உப்பு மட்டும் போட்டு. ஏனென்று நாங்கள் விளக்கவில்லை; அவவும் கேட்கவில்லை.