வடிமதுச் சுவைப்போட்டிகள்: நம்பகத்தன்மை

விஸ்கி, ரம், ஜின், பிராந்தி முதலிய வடிமதுக்களை நடுவர்கள் சுவைத்துப் பதக்கம் வழங்கும் போட்டிகள் இவை. லண்டனில் 1969இலும் சான் பிரான்சிஸ்கோவில் 2000இலும் தொடங்கியவை பெயர்பெற்றவை. பெயர் மறைத்து, எண் மட்டும் இட்ட குவளைகளில் ஊற்றித் தருவதே நடுநிலையின் அடிப்படை. சான் பிரான்சிஸ்கோவில் குழுவின் எல்லா நடுவர்களும் தங்கம் அளித்தால்தான் ‘இரட்டைத் தங்கம்’. எனினும் நுழைவுக் கட்டணம் செலுத்திய தயாரிப்புகளே களத்தில் இருக்கும். ஒரே பிரிவில் பலவும் தங்கம் பெறலாம். நடுவர்களின் தீர்ப்பும் எப்போதும் சீரானதல்ல: கலிபோர்னிய ஒயின் போட்டியொன்றில் ஆய்வாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரே புட்டியிலிருந்து மூன்று முறை ஊற்றித் தந்து நடுவர்களைச் சோதித்தார். சுமார் 10 விழுக்காட்டினரே மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் தந்தனர் (ஆய்வு வெளியானது 2008). எனவே நடுவர் யார், பெயர் மறைக்கப்பட்டதா, பங்கேற்றவற்றுள் எத்தனை பதக்கம் பெற்றன என்பவற்றை அறிந்த பின்னரே பதக்கத்தை நம்புவது நல்லது.