உள்ளே விடுதலும் உள்ளடக்குதலும்: அடையாற்றில் கல்வி வழங்கியவர்களின் வரலாறு

கணினித் தொழிலுக்குள் இதுவரை வர இயலாதவர்களுக்கென இலவசப் பயிற்சி நாள்கள் நடத்துவது இன்று பரவலாகிவிட்டது. 2011இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய பைலேடீஸ், 2014இல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் ஆகிய முயற்சிகளின் வழியே ஒரு வடிவம் உருவாகி உலகெங்கும் போயிருக்கிறது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள், மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி, கட்டணம் கிடையாது. சென்னையிலும் பெண்கள், தலித்துகள், திருநங்கைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோரை 'உள்ளடக்கும்' நோக்கம் அறிவிக்கப்படுகிறது. நல்ல விசயம்தான். 'நல்லதுதானே செய்றாங்க, இதுல போயி என்ன அரசியல்?' என்று கேட்கிற நண்பர்களுக்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் அடையாற்றுக்கு இது புதிதல்ல. ஒடுக்கப்பட்டவர்களுக்கு மற்றவர்கள் கல்வி 'வழங்கிய' கதை இந்தப் பகுதியில் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது.

1882இல் பிரம்மஞான சபை தன் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றியது. 1894இல் ஆல்காட் இங்கே பஞ்சமர் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். சென்னையின் பிற பகுதிகளுக்கும் அவை விரிந்தன. பொதுப்பள்ளிக்குள் அப்பிள்ளைகளை யாரும் நுழையவிடாத காலத்தில் அது சாதாரணக் காரியமல்ல. ஆனால் தொடக்கக் கல்வியோடு நின்ற பள்ளிகள் அவை. அதற்கு மேல் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்ற கேள்விக்குப் பள்ளியிடம் விடை இல்லை. இதே காலத்தில் அயோத்திதாசர் 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பினார்; 1907 முதல் சொந்தப் பத்திரிகை நடத்தினார். உதவி பெறுபவராக மட்டுமே வைத்துப் பார்க்கப்பட்ட சமூகத்திலிருந்து தன் வரலாற்றைத் தானே எழுதுகிற குரல் எழுந்தது. பள்ளி திட்டமிடாத விளைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கு வெளியே, பள்ளிக்கு முன்பே இருந்த விழிப்பு அது.

ஆல்காட் 1907இல் மறைந்தபின் சபைத் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், 1909இல் ஒடுக்கப்பட்டோரின் முன்னேற்றம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்கிற அதே கட்டுரை, அவர்களை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்றும் வாதிட்டது. காரணம் சுத்தம், உணவு, உடல் நாற்றம். 1945இல் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது குறித்த தம் நூலில் இக்கட்டுரையை விரிவாக எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது: கல்வி மறுக்கப்படவில்லை. தனியே, குறைவாக, நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டியதாக அது வழங்கப்பட்டது. 'உள்ளடக்குதல்' என்ற சொல்லுக்குள்ளேயே 'அடக்குதல்' இருப்பதை மொழி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

பொறியியலுக்கு வருவோம். அடையாற்றை ஒட்டிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் தொடர்ச்சி. அங்கே பெண்கள் முதன்முதலாக நுழைந்தது 1940ஐ ஒட்டித்தான். மின்பொறியியல் படித்த ஏ. லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர். விடுதியில் ஒற்றைப் பெண்ணாக இருப்பது எப்படி என்ற சிக்கல் எழுந்தபோது கல்லூரி மேலும் பெண்களைத் தேடியது. தெரசியாவும் லீலம்மாவும் கட்டடப் பொறியியலுக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தெரசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இந்தக் கதையை இன்றைய பயிற்சி நாள்களில் உற்சாகத்துக்காகச் சொல்கிறார்கள். நான் இதிலிருந்து வேறு இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, கதவு திறந்ததில் உள்ளேயிருந்த தந்தைக்குப் பங்குண்டு. தந்தை உள்ளே இல்லாதவர்களுக்கு என்ன வழி? இரண்டு, ஒருவரை மட்டும் அனுமதிப்பது அனுமதியாகாது என்பதைக் கல்லூரி நடைமுறையில் உணர்ந்தது.

தந்தை இல்லாதவர்களுக்கான வழி வகுப்புவாரி அரசாணை. பதினான்கு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்டோருக்கு இரண்டு, பார்ப்பனருக்கு இரண்டு, அரிசனருக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. இதை எதிர்த்து மருத்துவ இடத்துக்காக செண்பகம் துரைராஜனும், பொறியியல் இடத்துக்காக சி.ஆர். சீனிவாசனும் வழக்குப் போட்டார்கள். 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் பின்னணியில் அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஆக, இந்தியாவில் இட ஒதுக்கீட்டின் சட்ட வரலாறு தொழிற்கல்வி இடங்களுக்கான சண்டையில் தொடங்குகிறது.

இப்போது சர்தார் படேல் சாலையில் நின்று பாருங்கள். ஒருபுறம் பிற்பட்டோர் ஒதுக்கீட்டோடு பல பத்தாண்டுகளாக இயங்கும் கிண்டி. மறுபுறம் 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்த ஐஐடி. அங்கே தலித், பழங்குடியினர் ஒதுக்கீடு 1973இல்தான் வந்தது. பிற்பட்டோருக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு தார்ச்சாலை மட்டும்தான். தகுதி என்பது இயற்கையானதாக இருந்தால் சாலையைத் தாண்டியதும் அதன் இலக்கணம் மாறுவானேன்? 2014இல் அவ்வளாகத்துக்குள் மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார்கள். 2015 மேயில் அதன் அங்கீகாரம் விலக்கப்பட்டு, போராட்டத்துக்குப் பின் ஜூனில் திரும்பக் கிடைத்தது. அவர்களைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டாயிற்று. அவர்களே கூடி எதைப் படிப்பது என்று முடிவு செய்தபோதுதான் சிக்கல்.

அதே வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதாந்திரக் கூட்டங்களை நடத்தியது. யாரும் வரலாம், காசு வேண்டாம். கட்டற்ற மென்பொருளின் அறம் அது. ஆனால் 'யாரும் வரலாம்' என்பது காதில் விழுவதற்கே ஒரு மொழி, ஒரு நட்பு, வாயிற்காவலரிடம் தயங்காமல் பேசுகிற உடல்மொழி தேவைப்படுகிறது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே சாலையில் சற்றுத் தெற்கே, நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான கண்ணகி நகர் குடியேற்றம் தொடங்கியது. அங்கிருந்து கண்ணாடிக் கட்டடங்களுக்குள் தினமும் போய்வருகிற பெண்கள் உண்டு, துடைப்பதற்காக. அவர்களுக்கும் அடையாள அட்டை இருக்கிறது. அவர்களும் 'உள்ளே'தான் இருக்கிறார்கள்.

எனவே ஒரு பயிற்சி நாளை மதிப்பிட எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பது போதாது. தமிழில் சந்தேகம் கேட்க முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எந்த நாள் உகந்தது? குழந்தையை எங்கே விடுவாள்? பாடம் தரவு உள்ளீட்டோடு நின்றுவிடுகிறதா, நிரலை எழுதி அதை மாற்றுகிற இடம் வரை போகிறதா? பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் அம்பேத்கர் பெயரில் கணினி மையம் வைத்தபோது வகுப்பு பகுதிக்கே போனது. பிள்ளைகள் மாலையில் வீட்டிலிருந்து நடந்தே வந்தார்கள். ஒருநாள் நிகழ்ச்சியால் இதைச் செய்ய முடியாது, தொடங்கிவைக்க முடியும்.

அடுத்த நிகழ்ச்சியைத் திட்டமிடும் நண்பர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். சென்ற முறை மாணவராக வந்தவர்களில் குறைந்தது இருவரை இந்த முறை பாடத்திட்டம் வகுக்கிற மேசையில் உட்காரவையுங்கள். அவர்கள் 'இது எங்களுக்கு வேண்டாம், அதைச் சொல்லிக்கொடுங்க' என்றால் மாற்றுங்கள். அது நடக்காதவரை 1894இன் பள்ளியைத்தான் நாம் மடிக்கணினியோடு மறுபடி நடத்திக்கொண்டிருப்போம்.