கொதிகலனும் குழந்தையும்

எளாவூர் சோதனைச்சாவடியில் ஒரு லாரி மீது சந்தேகம் வந்தால், எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடலாம். வயிற்றுக்குள் இருக்கிற குழந்தையை எந்தத் தராசில் ஏற்றுவது? ஆனாலும், எட்டாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘எடை 2,100 கிராம்’ என்று அச்சாகி வருகிறதே... எப்படி?

பக்கத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள், பாதி பதில் கிடைக்கும். இரும்பின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்ப்பார்கள். விரிசலில் பட்டால் எதிரொலி திரும்பி வரும். அந்தக் கருவியைத்தான் டாக்டர்கள் சுட்டுக்கொண்டார்கள்!

1955, ஜூலை 21. ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூவில் இருந்த ‘பாப்காக் அண்ட் வில்காக்ஸ்’ கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்கள் போயின. வந்தவர் கிளாஸ்கோ மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்டு. கார் டிக்கி நிறைய, ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகள்! ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலைக்காரர்கள் தந்தது ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. கட்டிக்குக் கட்டி எதிரொலி வேறுபட்டது. 1958-ல் டொனால்டு, மக்விகர், இன்ஜினீயர் டாம் பிரவுன் மூவரும் ‘லான்செட்’ இதழில் கட்டுரை எழுதினார்கள்.

படம் தெரிந்தது சரி, அளவு? டொனால்டிடம் வேலை பார்த்த ஸ்டூவர்ட் கேம்ப்பெல் முதலில் தலையை அளந்தார். 1975-ல் வயிற்றின் சுற்றளவைப் பிடித்தார். ஏன் வயிறு? ஊட்டம் குறைந்தால் குழந்தையின் உடம்பு தலையைக் காப்பாற்றிக்கொள்ளும், கல்லீரல்தான் முதலில் வாடும். அதனால் வயிறு சிறுத்தால் டாக்டர் முகம் மாறுகிறது. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகிய அளவுகளைக் கணக்கில் போட்டு எடை சொல்லும் சூத்திரத்தை 1985-ல் தந்தவர், அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த ஃப்ராங்க் ஹாட்லாக்.

ஆக, ரிப்போர்ட்டில் இருப்பது நிறுத்துப் பார்த்த எடை அல்ல, கணக்கு! 15 சதவிகிதம் கூடலாம், குறையலாம். 2,100 என்றால் 1,800-ஆகவும் இருக்கலாம், 2,400-ஆகவும் இருக்கலாம்.

இன்னொரு சங்கதி. ‘சிறிய குழந்தை’ என்று யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்? உலகமெங்கும் புழங்கும் ஹாட்லாக்கின் 1991 வளர்ச்சி அட்டவணைக்கு ஆதாரம், ஹூஸ்டனின் 392 பெண்கள். பெரும்பாலும் நடுத்தர வர்க்க வெள்ளைக்காரர்கள். எளாவூர்ப் பெண்ணின் பிள்ளை அவர்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறது! 2014-ல் வெளியான, எட்டு நாடுகளை அளந்த ‘இன்டர்க்ரோத்’ அட்டவணையில்தான் நம் நாக்பூர் இடம்பிடித்தது. 2024-ல் சென்னை ஐ.ஐ.டி., குருகிராம் அரசு மருத்துவமனைத் தாய்மார்களின் அளவுகளை வைத்து, பிந்தைய மாதங்களில் கருவின் வயதைக் கணிக்கும் ‘கர்ப்பிணி’ என்ற இந்தியக் கணக்கை வெளியிட்டிருக்கிறது.

அதனால், ஒன்பதாம் மாதத்தில் ‘இரண்டு வாரம் பின்தங்கி இருக்கு’ என்று வந்தால், பிரசவத் தேதியை மாற்றி எழுதிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேனின் தேதிதான் கணக்கு. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து டாக்டரிடம் நீட்டுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்தால், குழந்தை இயல்பிலேயே சின்னதா, வளர்ச்சி நின்றுவிட்டதா என்பது தெரியும். தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்க்கச் சொன்னால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.