மங்கு என்ற சொல்லும் வின்சுலோவும்

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருக்கிறார். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டியவர். மரமெல்லாம் போய், செம்பனையும் தொழிற்சாலையும் வந்து வருசக்கணக்காகிவிட்டது. அவர் பேச்சில் மட்டும் இன்னும் ரப்பர் காடுதான். "விடியக்காலைல மழ பேஞ்சா மங்குல தண்ணி நெறஞ்சிரும் ஐயா. அன்னிக்குச் சம்பளம் போச்சு" என்றார் ஒருநாள்.

வீட்டுக்கு வந்து வின்சுலோ அகராதியில் 'மங்கு' தேடினேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒளி குறைதல் என்ற பழைய பொருள் இருந்தது. பால் வடியும் கிண்ணம் இல்லை. இருக்கவும் முடியாது. அகராதி அச்சானது 1862இல். ரப்பர் கன்றுகள் இந்தப் பக்கம் வந்ததே 1877இல்தான். நம் 'மங்கு' மலாய் 'மங்கோக்'கிலிருந்து வந்தது.

யார் இந்த வின்சுலோ? மைரன் வின்சுலோ 1789இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். மிடில்பரி கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியல் பள்ளியிலும் படித்தார். 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து உடுவிலில் தங்கினார். அவர் மனைவி ஹாரியட் அங்கே 1824இல் பெண்களுக்காக விடுதிப் பள்ளி தொடங்கினார். 1833இல் அங்கேயே இறந்தும் போனார். வின்சுலோ 1836இல் சென்னைக்குப் போனார். மதம் பரப்பத்தான் வந்தார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் இன்று அவர் பிரசங்கங்களை யாரும் தேடுவதில்லை, அகராதியைத்தான் தேடுகிறோம்.

அகராதியைத் தொடங்கியது அவரல்ல. நல்லூரில் இருந்த ஜோசப் நைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார்தான் சொல் சேர்க்க ஆரம்பித்தவர். அவர் 1840இல் இறந்தார். அவர் சேகரிப்பு பல கைகளுக்குப் பிரிந்தது. அந்த முயற்சியிலிருந்து 1842இல் தமிழுக்குத் தமிழே பொருள் சொல்லும் அகராதி மானிப்பாய் அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. யாழ்ப்பாண அகராதி என்கிறோமே, அதுதான். ஏறக்குறைய 58,500 சொற்கள். தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர். அடுத்த வருசம் ஆக்ஸ்ஃபோர்டில் லிடல், ஸ்காட் இருவரின் கிரேக்க அகராதி வெளிவந்தது. விக்டோரியா காலப் புலமை என்றதும் ஆக்ஸ்ஃபோர்டு மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. அதே காலத்தில் மானிப்பாயிலும் அச்சு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்–ஆங்கிலப் பகுதி வின்சுலோவிடம் வந்தது. 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு அதை வெளியிட்டார். 1779இல் வந்த பப்ரிசியுஸ் அகராதியில் ஏறக்குறைய 9,000 சொற்கள்தான். அதற்கும் முன்பு நம்மவர்கள் நிகண்டுச் செய்யுள்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். தெய்வப் பெயர், மரப்பெயர் என்று வகுப்பு வகுப்பாக இருக்கும். மனப்பாடம் இல்லாதவனால் ஒரு சொல்லைச் சட்டென்று தேடி எடுக்க முடியாது. வின்சுலோ செந்தமிழோடு கொடுந்தமிழையும் சேர்ப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்தார். புலவர் சொல்லுக்கும் தெருவில் புழங்கும் சொல்லுக்கும் ஒரே அகர வரிசை. எனக்கு இதுதான் அவர் செய்ததில் பெரிய காரியம்.

அந்தத் தலைப்புப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வின்சுலோ பெயர் இருக்கிறது, நைட் பெயரும் இருக்கிறது. தமிழ்ப் புலவர்களோ 'தகுதியுள்ள உள்நாட்டு அறிஞர்கள்' என்ற பொருளில் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகிறார்கள். இராமானுச கவிராயர் போன்றவர்கள் அவர்கள். ஜி.யு. போப்புக்குத் தமிழ் சொல்லித்தந்தவரும் இதே கவிராயர்தான். ஒரு சொல்லுக்கு எது முதல் பொருள், எது வழக்கு என்று இவர்கள் சொல்லாமல் அமெரிக்கர் எப்படி எழுதியிருக்க முடியும்? வின்சுலோ திருடினார் என்று நான் சொல்லவில்லை. உழைத்தவர்களுக்குப் பெயரில்லாமல் போவது அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை என்றுதான் சொல்கிறேன்.

1864இல் ஊர் திரும்பும் வழியில் கேப் டவுனில் வின்சுலோ இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரர்களில் ஒருவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். இன்னொருவர் சிஐஏ தலைவராக இருந்த ஆலன் டல்லஸ். கொள்ளுத்தாத்தா சொல் சேர்த்தார், பேரன் உளவு சேர்த்தார் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனுக்கு வின்சுலோ அகராதி அடித்தளமாக இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அதில் சொற்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

நமக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. உடுவில், வட்டுக்கோட்டை பக்கத்து அமெரிக்க மிஷன் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்பைப் பரப்பின. அப்படி ஆங்கிலம் படித்தவர்கள் பின்னாளில் மலாயா ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்தார்கள், பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள். தெலுக் பங்லிமா காராங் பக்கத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்துக்காரர்கள். வின்சுலோ கொடுந்தமிழ் என்று பிரித்தாரே, அதைப் பேசியவர்கள். இங்கே வந்து அந்தத் தமிழில் மங்கு சேர்ந்தது, பெரட்டு சேர்ந்தது, ஒட்டுப்பால் சேர்ந்தது. அவற்றைச் சொல்பவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.

நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பாட்டியிடம் கேட்டு இதுவரை நாற்பது சொற்கள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் பாட்டியின் பெயரையும் எழுதுகிறேன். "என் பேரு எதுக்குயா அதுல?" என்று கேட்கிறார்.