எண்ணும் உரிமை யாருடையது? மின்னிதழ்ப் பயன்பாட்டு விதிகளின் வளர்ச்சியும் நீலகிரி நிறுவனங்களும்

ஆய்வுச் சுருக்கம்

மின்னிதழ்ப் பயன்பாட்டைக் கணக்கிடும் 'கவுன்ட்டர்' விதித்தொகுப்பின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. நூலகங்கள் எழுப்பிய கேள்விகளே அவ்விதிகளைத் திருத்தின என்பதையும், நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் அவற்றைப் பொருத்தும்போது எழும் சிக்கல்களையும் எடுத்துரைக்கிறது.

1. பதிவேட்டிலிருந்து வழங்கிக்கு

உதகையின் நீலகிரி நூலகம் 1859-இல் தோன்றியது. கணித ஆசிரியரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்த நெடுங்காலம் முழுவதும் இரவல் பதிவேடும் வாசகர் வருகைக் குறிப்பும் நூலகத்தின் கையிலேயே இருந்தன. எந்த நூல் எத்தனை முறை வெளியே போனது என்பதற்கு நூலகரே சாட்சி.

1990-களில் இதழ்கள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது அந்தச் சாட்சியம் பதிப்பகங்களின் வழங்கிகளுக்குப் போய்விட்டது. சரக்கை விற்றவரே தராசையும் வைத்திருந்தார். ஒரு பதிப்பகம் தேடல்களை எண்ணியது. இன்னொன்று பக்கத் திறப்புகளை எண்ணியது. இரண்டையும் அருகருகே வைத்து எந்தச் சந்தாவைத் தொடர்வது என்று முடிவெடுக்க நூலகத்துக்கு வழியில்லை.

2. விதிகள் உருவான முறை

முதல் குரல் வாங்குவோரிடமிருந்து எழுந்தது. பன்னாட்டு நூலகக் கூட்டமைப்புகளின் கூட்டணி 1998 நவம்பரில் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் வாங்குவோர் தனித்து எழுதிய விதி விற்போரைக் கட்டுப்படுத்தாது. நூலகங்கள், பதிப்பகங்கள், இடைநிலை நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2002 மார்ச்சில் கவுன்ட்டர் அமைப்பைத் தொடங்கின. பீட்டர் ஷெப்பர்டு திட்ட இயக்குநராகப் பணியாற்றினார். முதல் விதித்தொகுப்பு 2003 ஜனவரியில் வந்தது.

வெற்றிகரமாகத் திறந்த கோரிக்கைகளை மட்டுமே எண்ண வேண்டும், அடுத்தடுத்த இரட்டைச் சொடுக்குகளை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். ஆயினும் நூலகர்கள் சுட்டிக்காட்டிய ஓர் ஓட்டை எஞ்சியது. சில தளங்கள் கட்டுரையை முதலில் எச்டிஎம்எல் வடிவில் காட்டும்; வாசகர் பிறகு அதையே பிடிஎஃப் ஆகவும் இறக்குவார். ஒரே வாசிப்பு இரண்டாகப் பதிவாகும். சந்தாத் தொகையைப் பயன்பாட்டு எண்ணால் வகுத்தே ஓர் இதழின் செலவு மதிப்பிடப்படுவதால், தளத்தின் வடிவமைப்பே இதழை மலிவாகக் காட்டிவிட்டது. 2017-இல் வெளியாகி 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பு இதற்குத் தீர்வு கண்டது. ஓர் அமர்வில் ஒரு கட்டுரையை எத்தனை வடிவில் திறந்தாலும் ஒன்றெனவே கொள்ளும் 'தனித்த கோரிக்கை' அதில் புகுந்தது.

பதிப்பகத் தளங்கள் ஒவ்வொன்றாய் நுழைந்து அறிக்கை திரட்டும் சுமையும் நூலகர்களுக்கு இருந்தது. அதைத் தானியங்கியாக்கும் 'சுஷி' நெறிமுறையை அமெரிக்கத் தர அமைப்பான நைசோ 2007-இல் தரநிலையாக ஏற்றது. விதித்தொகுப்பின் இன்று நடைமுறையிலுள்ள 5.1 பதிப்பு 2025 ஜனவரியில் செயலுக்கு வந்தது.

3. இந்தியக் கூட்டமைப்புகள்

பல்கலைக்கழகங்களுக்கான 'யுஜிசி-இன்ஃபோநெட்' 2003 டிசம்பரிலும், வேளாண் நிறுவனங்களுக்கான 'செரா' 2007 நவம்பரிலும், கல்லூரிகளுக்கான 'என்-லிஸ்ட்' 2010-இலும் தோன்றின. 2015-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கான 'இ-ஷோத்சிந்து' அமைந்தது. முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம் போன்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக (ஐசிஏஆர்) அலகுகளின் வாசிப்பு வேளாண் வலையைச் சார்ந்தது. உதகை அரசு கலைக் கல்லூரி போன்றவை உயர்கல்வி வலையைச் சார்ந்தவை.

2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. திட்டத்தின் பயன்பாட்டை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அவ்வப்போது மதிப்பாயும் என்று அரசு அறிவித்துள்ளது. மலைக் கல்லூரியின் சிறு எண்ணும் அந்த மதிப்பாய்வில் பொருள் பெறும்.

4. மலையில் எண்ணும்போது

மூன்று சிக்கல்களைச் சுட்டலாம். முதலாவது, இரட்டைச் சொடுக்கை ஒன்றாக்கும் 30 விநாடி விதி. அந்த இடைவெளிக்குள் வரும் இரண்டாம் சொடுக்கு மட்டுமே முதலோடு சேரும். இணைய வேகம் குறைந்த இடத்தில் பொறுமையிழந்து 40 விநாடி கழித்துச் சொடுக்கினால், எல்லாத் திறப்புகளையும் எண்ணும் 'மொத்தக் கோரிக்கை' இரண்டாகிவிடும். இரண்டாவது இதற்கு நேர்மாறானது. அமர்வு அடையாளம் இல்லாத தளங்களில் ஐபி முகவரி, உலாவி வகை, நாள், மணி ஆகியவற்றைக் கொண்டே வாசகர் இனங்காணப்படுகிறார். கல்லூரி முழுவதும் ஒரே பொது ஐபி வழியே வெளியே சென்றால், ஒரே மணி நேரத்தில் ஒரே கட்டுரையைத் திறக்கும் பத்து மாணவர்கள் ஒருவராகச் சுருங்கக்கூடும். மூன்றாவது, விதிக்கு எட்டாதது: ஆசிரியர் ஒருமுறை இறக்கி வாட்ஸ்அப்பில் வகுப்புக்கே அனுப்பும் கட்டுரை கணக்கில் ஒன்றுதான்.

முடிவுரை

முதலாவதைத் தனித்த கோரிக்கை பெரிதும் சரிசெய்கிறது. மற்ற இரண்டும் குறைத்தே காட்டுகின்றன. ஆகவே குறைந்த எண்ணைக் குறைந்த வாசிப்பென்று கொண்டு ஒரு நிறுவனத்தின் அணுக்கத்தை முடிவு செய்வது முறையாகாது. எச்டிஎம்எல்-பிடிஎஃப் சிக்கலைப் போலவே, இவையும் நூலகர்கள் ஆவணப்படுத்தி முன்வைத்தால் மட்டுமே திருத்தத்துக்கு வரும். மாவட்டக் கல்லூரி நூலகர்கள் தம் வலையமைப்புப் பதிவுகளைப் பதிப்பக அறிக்கைகளோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை உயர்கல்வி வலையை நடத்தும் இன்ஃப்லிப்நெட் மையம் வழியே கவுன்ட்டரின் கலந்தாய்வுகளுக்குக் கொண்டு செல்வதே முதல் பணி.